மாலிப்டினம் டைசல்பைடில் ஒளி உணரி: செதில் உரிப்பதிலிருந்து நம்பத்தக்க அளவீடு வரை

மாலிப்டினம் டைசல்பைடு பார்ப்பதற்குப் பென்சில் கரி போலக் கருத்து மினுங்கும். மசகுப் பொருளாக நெடுங்காலமாகப் புழங்குவதும் இதுதான். ஓர் அடுக்குக்குள் அணுக்கள் கெட்டியாகப் பிணைந்திருக்கின்றன. அடுக்குகளுக்கு நடுவே வலுவற்ற வான்டெர்வால்ஸ் ஈர்ப்பு மட்டுமே உண்டு. அதனால்தான் விரலில் வழுக்குகிறது, டேப்பை ஒட்டி இழுத்தால் ஏடு ஏடாகப் பிரிகிறது. ஓர் ஏட்டின் தடிமன் சுமார் 0.65 நானோமீட்டர். கட்டியாக இருக்கும்போது இதன் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) ஏறத்தாழ 1.2 எலக்ட்ரான் வோல்ட், அதுவும் ஒளியோடு எளிதில் இணங்காத மறைமுக வகை. ஒரே ஏடாக மெலிந்தால் 1.8 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏறி நேரடி வகையாக மாறிவிடும்.

இதில் ஒளி உணரியை, அதாவது ஒளி பட்டால் மின்னோட்டம் மாறும் கருவியை, முதன்முதலாகச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒற்றை ஏட்டைத் தேடித்தான் அலைவார்கள். வேண்டாம். ஒற்றை ஏடு தன்மேல் விழும் பச்சை ஒளியில் பத்தில் ஒரு பங்குகூட உறிஞ்சாது, மின்முனையின் விளிம்பில் கிழியும், காற்றிலுள்ள ஈரத்துக்கெல்லாம் குணம் மாறும். 5 முதல் 10 ஏடு கொண்ட செதில், அதாவது 3.3 முதல் 6.5 நானோமீட்டர் தடிமன், முதல் உணரிக்குப் போதும். எடுப்பதும் எளிது, கண்ணுக்கும் தெளிவாகத் தெரியும். இங்கே சொல்லும் வழியில் மின்முனைகளை முதலில் போட்டுவிட்டு, செதிலை அவற்றின்மேல் கடைசியாக வைக்கிறோம். இதனால் எலக்ட்ரான் கற்றை லித்தோகிராஃபி (எலக்ட்ரான் கற்றையால் நுண்வடிவம் வரையும் முறை) தேவையில்லை, அதற்குப் பூசும் ரெசிஸ்டின் கறையும் செதிலின்மேல் படியாது.

வேஃபர் தேர்வு

மேலே 285 அல்லது 300 நானோமீட்டர் சிலிக்கன் ஆக்சைடு வளர்த்த சிலிக்கன் வேஃபர் (மெல்லிய தகடு) வாங்குங்கள். இந்தத் தடிமனிலும் 90 நானோமீட்டரிலும் ஒளியின் குறுக்கீட்டு விளைவால் மெல்லிய செதில்கள் சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே நிறம் மாறித் தெரியும். நடுவில் உள்ள தடிமன்கள் பலவற்றில் செதில் இருந்தும் கண்ணில் படாது.

ஆக்சைடைவிட முக்கியம் அடியிலுள்ள சிலிக்கன். மின்தடைத்திறன் 0.005 ஓம் சென்டிமீட்டருக்குக் கீழே, மிகையாக மாசூட்டப்பட்டதையே (நன்றாகக் கடத்தும்படி வேற்றணுக்கள் கலந்ததையே) கேட்டு வாங்குங்கள். விலை குறைவென்று 1 முதல் 10 ஓம் சென்டிமீட்டர் வேஃபரை எடுத்தால், ஒளி செதிலைத் தாண்டிச் சிலிக்கனில் விழுந்து, ஆக்சைடின் அடிப்புறத்தில் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும். அது கீழிருந்து கேட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) போல வேலை செய்து செதிலின் மின்னோட்டத்தை ஏற்றி இறக்கும். உணரி அபாரமாக வேலை செய்வதுபோல் தோன்றும். உண்மையில் ஒளியை உணர்ந்தது சிலிக்கன்.

வைரமுனையால் கீறி 1 சென்டிமீட்டர் சதுரங்களாக உடைத்துக்கொள்ளுங்கள். கீறும்போது பறக்கும் தூள் ஆக்சைடைப் பிராண்டாமல் இருக்க நைட்ரஜனால் ஊதிக்கொண்டே செய்யுங்கள். பிறகு அசிட்டோனில் 5 நிமிடம், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் 5 நிமிடம் அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்து, நைட்ரஜனால் உலர்த்துங்கள். அசிட்டோனைத் தானாக உலர விடாதீர்கள், வெள்ளைத் திட்டு விழும்.

மின்முனை

லித்தோகிராஃபி வசதி இருந்தால் 5 முதல் 10 மைக்ரோமீட்டர் இடைவெளியில் மின்முனை இணைகளை வரைந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள டங்ஸ்டன் கம்பி ஒன்று போதும். அதை வேஃபர் துண்டின் குறுக்கே இழுத்து இரண்டு முனையிலும் வெப்பம் தாங்கும் டேப்பால் ஒட்டி, மேலே உலோகத்தை ஆவியாக்கிப் படியவிடுங்கள். கம்பியின் நிழல் விழுந்த இடம் இடைவெளியாக மிஞ்சும். இருபுறமும் தங்கத் திட்டுகள். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் மாதிரிகளுக்கான செப்பு வலையையும் இப்படியே மறைப்பாக வைக்கலாம்.

முதலில் 3 முதல் 5 நானோமீட்டர் குரோமியம் அல்லது டைட்டானியம், அதன்மேல் 25 முதல் 30 நானோமீட்டர் தங்கம். அடியில் ஒட்டும் உலோகம் இல்லாமல் தங்கத்தை நேரே ஆக்சைடில் போட்டால் ஆய்வு ஊசி பட்டதுமே உரிந்துவரும். தங்கத்தை 100 நானோமீட்டர் வரை தடிமனாக்கும் பழக்கம் இங்கே உதவாது. 5 நானோமீட்டர் செதில் அவ்வளவு உயரப் படியில் வளைந்து இறங்க முடியாமல் நடுவில் கூடாரம்போல் நிற்கும், அல்லது விளிம்பில் முறியும்.

இதற்கு ஸ்பட்டரிங் இயந்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள். அதில் உலோக அணுக்கள் பல திசையிலிருந்தும் வருவதால் கம்பிக்கு அடியிலும் புகுந்து இரண்டு திட்டையும் இணைத்துவிடும். ஆவியாக்கும் முறையில் அணுக்கள் நேர்கோட்டில் வருவதால் நிழல் கூர்மையாக விழும். கம்பி வேஃபரைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். தூக்கி நின்றால் விளிம்பு மங்கும். செதில் வைப்பதற்கு முன்பே ஒவ்வொரு இணைக்கும் நடுவே 1 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சில பிக்கோஆம்பியருக்கு மேல் ஓடினால் அந்த இணையை ஒதுக்கிவிடுங்கள்.

செதில் உரித்தல்

2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் கிராஃபைட்டிலிருந்து கிராஃபீனை எடுத்த அதே டேப் வித்தைதான். கறை குறைவாக விடும் நீல நிற வேஃபர் டேப் கடையில் கிடைக்கும் செல்லோ டேப்பைவிட நல்லது. படிகத்தின் பளபளப்பான முகத்தில் டேப்பை அழுத்தி எடுங்கள். டேப்பை மடித்து, ஒட்டி, பிரித்து, இப்படி 5 முதல் 8 தடவை. ஒவ்வொரு மடிப்பிலும் புது இடத்தில் ஒட்டுவது நல்லது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒட்டினால் செதில்கள் பொடியாகிவிடும். 10 மைக்ரோமீட்டர் இடைவெளியைத் தாண்டுமளவு பெரிய துண்டு எதுவும் தேறாது. டேப்பில் சாம்பல் நிறப் படலம் சீராகத் தெரியும் நிலையில் நிறுத்திவிடுங்கள்.

இப்போது ஒரு கண்ணாடி ஸ்லைடின் நுனியில் 5 மில்லிமீட்டர் சதுர பிடிஎம்எஸ் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். இது பசை இல்லாமலே ஒட்டும் தெளிவான சிலிக்கோன் ரப்பர். டேப்பை அதன்மேல் மெல்ல அழுத்தி, வெடுக்கென்று இழுங்கள். ரப்பரின் மேல் செதில்கள் தங்கிவிடும். மைக்ரோஸ்கோப்பில் கீழிருந்து ஒளி விட்டுப் பார்த்தால் மெல்லியவை லேசான சாம்பலாகவும் தடித்தவை கறுப்பாகவும் தெரியும். 15 முதல் 30 மைக்ரோமீட்டர் நீளமும், சீரான நிறமும், மடிப்பில்லாத விளிம்பும் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் தடித்த துண்டு ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அது மின்முனையில் விழுந்தால் நீங்கள் அளப்பது அந்தத் தடித்த துண்டைத்தான்.

மாற்றி வைத்தல்

பிடிஎம்எஸ் பிசுபிசுப்பும் மீள்தன்மையும் கலந்த பொருள். வேகமாக இழுத்தால் கெட்டியான திடப்பொருள்போல் நடந்துகொண்டு செதிலைப் பற்றி இழுக்கும். மிக மெதுவாக இழுத்தால் பிடியை விட்டுவிடும். மொத்த வித்தையும் இந்த வேக வேறுபாட்டில்தான் இருக்கிறது.

வேஃபரை நுண்நகர்த்தி மேடையில் வைத்து, ஸ்லைடைத் தலைகீழாக அதன்மேல் கொண்டுவாருங்கள். ஸ்லைடு 1 அல்லது 2 டிகிரி சாய்ந்திருக்கட்டும். செதிலின் இரு முனையும் இரண்டு திட்டின்மேலும் குறைந்தது 3 மைக்ரோமீட்டராவது ஏறி உட்காரும்படி குறிபார்த்து இறக்குங்கள். ரப்பர் வேஃபரைத் தொட்டதும் தொடுகோடு ஒன்று நிறம் மாறி நகர்வது தெரியும். அந்தக் கோடு செதிலைக் கடக்கும்வரை மெதுவாக அழுத்தி, 1 நிமிடம் வைத்திருந்து, பிறகு தூக்கத் தொடங்குங்கள். கோடு செதிலைக் கடந்து பின்வாங்க 3 முதல் 5 நிமிடம் ஆக வேண்டும். அவசரப்பட்டால் செதில் ரப்பரோடு திரும்பி வந்துவிடும், அல்லது பாதி மட்டும் தங்கும். மேடையை 50 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் ஒட்டுதல் கூடும். அதைவிடச் சூடு கூடினால் ரப்பர் விரிந்து குறி தவறும்.

இதற்குப் பிறகு அல்ட்ராசோனிக் தொட்டியை மறந்துவிடுங்கள். கழுவ வேண்டுமென்றால் அசிட்டோனில் 10 நிமிடம் அசையாமல் வைத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் முக்கியெடுத்தால் போதும். அடுத்து 200 டிகிரியில் 2 மணி நேரம், வெற்றிடத்திலோ ஆர்கான்–ஹைட்ரஜன் கலவையிலோ வாட்டுங்கள். ரப்பர் விட்ட எச்சம் குறையும், செதில் தங்கத்தின்மேல் படிந்து உட்காரும். வாட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தால் மின்னோட்டம் பல மடங்கு மாறியிருப்பது வழக்கம். காற்றில் வாட்டாதீர்கள், ஏடு ஆக்சைடாக ஆரம்பித்துவிடும்.

தடிமனை உறுதிசெய்தல்

நிறத்தை நம்பி எண்ணிக்கை சொல்லாதீர்கள். 285 நானோமீட்டர் ஆக்சைடில் பின்னணி ஊதாவாகவும், சில ஏடுள்ள செதில் நீலமாகவும், தடித்தவை வெளிர்நீலம் கடந்து மஞ்சளாகவும் தெரியும். இது ஊகத்துக்கு மட்டும். ராமன் நிறமாலையில் (அணுக்களின் அதிர்வால் ஆற்றல் மாறிச் சிதறும் லேசர் ஒளியின் நிறமாலை) இரண்டு உச்சிகளின் இடைவெளியைப் பாருங்கள். ஒற்றை ஏட்டில் அவை சென்டிமீட்டருக்கு அலைஎண் 384, 403 அருகே நிற்கும். இடைவெளி 18 அல்லது 19. இரண்டு ஏடானால் 21 அல்லது 22. கட்டியில் 25ஐ எட்டிவிடும். ஐந்தாறு ஏட்டுக்கு மேல் இந்த இடைவெளி கிட்டத்தட்ட நிலைத்துவிடுவதால் நம் செதிலுக்கு அணுவிசை மைக்ரோஸ்கோப்தான் சரியான அளவுகோல். அதில் முதல் ஏட்டின் உயரம் 0.65க்குப் பதில் 0.8 அல்லது 1 நானோமீட்டர் என்று வரும். செதிலுக்கும் ஆக்சைடுக்கும் நடுவே சிக்கிய நீரும் அழுக்கும்தான் அந்த உபரி. ராமன் லேசரின் ஆற்றலை 0.5 மில்லிவாட்டுக்குக் கீழே வையுங்கள். கூர்மையாகக் குவித்த ஒளி செதிலில் ஓட்டை போட்டுவிடும்.

இருட்டில் முதல் அளவீடு

வேஃபரின் பின்புறத்திலும் பெரும்பாலும் ஆக்சைடு இருக்கும். அதை வைரமுனையால் சுரண்டி, வெள்ளிப் பசையால் செப்புத் தகட்டில் ஒட்டுங்கள். அதுதான் கேட். இதைச் சுரண்ட மறந்துவிட்டு, கேட் ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு நாளைத் தொலைப்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் ஒரு முறை நடக்கும்.

ஊசிகளை இறக்குமுன் எல்லா முனைகளையும் தரையில் இணைத்துக்கொள்ளுங்கள், கையில் நிலைமின் பட்டை அணியுங்கள். குளிரூட்டிய, ஈரமில்லாத அறையில் உடலில் சேரும் நிலைமின்னே செதிலை எரித்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நடுவே ஒரு கருகிய கோடு மட்டும் இருக்கும். ஊசியை அழுத்தி ஊன்றாதீர்கள். தங்கத்துக்கு அடியில் 300 நானோமீட்டர் ஆக்சைடு மட்டுமே இருக்கிறது. குத்திவிட்டால் கேட் கசியும்.

மின்னோட்ட வரம்பை 1 மைக்ரோஆம்பியரில் வைத்து, டிரெய்னில், அதாவது இரண்டு தங்கத் திட்டில் ஒன்றில், 10 மில்லிவோல்ட்டில் தொடங்கி 1 வோல்ட் வரை ஏற்றுங்கள். பிறகு டிரெய்ன் 0.1 வோல்ட்டில் நிற்க, கேட்டை −40இலிருந்து +40 வோல்ட் வரை 1 வோல்ட் படியில் ஓட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். மாலிப்டினம் டைசல்பைடு எலக்ட்ரான் வகை என்பதால் நேர்மின் பக்கம் மின்னோட்டம் எழ வேண்டும். கேட் கசிவு 1 நானோஆம்பியரைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். போகும்போதும் திரும்பும்போதும் கோடுகள் விலகுவது ஈரத்தாலும், மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் இடைமுகப் பொறிகளாலும். வெற்றிடத்தில் வைத்தால் விலகல் சுருங்கும். மின்னோட்ட–மின்னழுத்தக் கோடு நேராக இல்லாமல் நடுவில் தட்டையாகி இருபுறமும் வளைந்தால், உலோகத்துக்கும் செதிலுக்கும் நடுவே ஷாட்கி தடுப்பு (எலக்ட்ரான் ஏறிக் கடக்க வேண்டிய ஆற்றல் மேடு) உயரமாக இருக்கிறது. உணரி அப்போதும் வேலை செய்யும். ஆனால் ஒளிமின்னோட்டம் பெரும்பாலும் மின்முனை விளிம்பிலிருந்து வரும், செதிலின் நடுவிலிருந்து அல்ல.

ஒளி: எண்கள் பொய்யாகும் இடம்

532 நானோமீட்டர் லேசரை எடுத்துக்கொள்வோம். கண்ணைக் காக்க 1 மில்லிவாட்டுக்குள்ளேயே வைத்து, மங்கல் வடிகட்டிகளால் இன்னும் குறையுங்கள். கற்றையின் ஆரம், அதாவது செறிவு மையத்தில் இருப்பதில் 13.5 சதவீதமாகக் குறையும் தொலைவு, 100 மைக்ரோமீட்டர். மொத்த ஆற்றல் 10 மைக்ரோவாட். செதிலின் ஒளி படும் பகுதி 5க்கு 8 மைக்ரோமீட்டர், ஆக 40 சதுர மைக்ரோமீட்டர். இதன்மேல் விழுவது எவ்வளவு?

காஸ் வடிவக் கற்றையின் மையத்தில் செறிவு, மொத்த ஆற்றலை இரண்டால் பெருக்கி ஆர வட்டத்தின் பரப்பால் வகுத்தால் வருவது: சதுர மீட்டருக்கு சுமார் 637 வாட். செதிலின் பரப்பால் பெருக்கினால் 25.5 நானோவாட். அந்த இரண்டை மறந்தால் 12.7 என்று வரும், பதில்திறன் (ஒரு வாட் ஒளிக்குக் கிடைக்கும் மின்னோட்டம்) இரண்டு மடங்காக ஊதிவிடும். ஆற்றலை அளக்கும்போது வெற்றிடக் கலத்தின் கண்ணாடியையும் கணக்கில் சேருங்கள். பூச்சில்லாத ஒரு சன்னல் சுமார் 8 சதவீதத்தை விழுங்கும்.

ஒளிமின்னோட்டம் என்பது ஒளியில் ஓடுவதிலிருந்து இருட்டில் ஓடுவதைக் கழித்தது. அது 100 நானோஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 25.5 நானோவாட்டால் வகுக்க ஒரு வாட்டுக்கு 3.9 ஆம்பியர். இதை 1240ஆல் பெருக்கி அலைநீளமான 532ஆல் வகுத்தால் குவாண்டம் திறன் சுமார் 9.1, அதாவது 910 சதவீதம். விழுந்த ஃபோட்டானைவிட ஒன்பது மடங்கு எலக்ட்ரான் எங்கிருந்து வந்தது? ஒளி பிறப்பித்த துளை (எலக்ட்ரான் விட்டுச்சென்ற நேர்மின் காலியிடம்) ஒரு பொறியில் மாட்டிக்கொள்கிறது. அது விடுபடும்வரை செதில் தன் மின்சமநிலையைக் காக்க எலக்ட்ரான்களைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறது. துளை மாட்டியிருக்கும் நேரத்தை எலக்ட்ரான் கடக்கும் நேரத்தால் வகுத்தால் வருவதுதான் பெருக்கம்.

இந்தப் பெருக்கம் சும்மா கிடைப்பதில்லை. 2013இல் லொசானில் ஒற்றை ஏட்டு உணரி ஒன்று 561 நானோமீட்டரில் வாட்டுக்கு 880 ஆம்பியர் காட்டியது. ஒளியை நிறுத்தியபின் அது அடங்க எடுத்த நேரம் சுமார் 9 வினாடி. அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்ட ஒற்றை ஏட்டு உணரியின் மதிப்பு வாட்டுக்கு 7.5 மில்லிஆம்பியர்தான். பொருள் ஒன்றே, பொறிகளும் மின்முனையும் ஒளிச்செறிவும் கேட்டும் வேறு. கடையில் வாங்கும் சிலிக்கன் ஃபோட்டோடையோடு கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் வாட்டுக்கு அரை ஆம்பியருக்குள்தான் தருகிறது, ஆனால் நானோவினாடிகளில் பதில் சொல்கிறது. ஆகவே பதில்திறனை மட்டும் தனியே சொல்வது பாதிச் சேதி. ஒளிச்செறிவு, டிரெய்ன், கேட், பதில்நேரம் நான்கும் கூடவே வர வேண்டும்.

செறிவை வடிகட்டிகளால் ஆயிரம் முதல் பத்தாயிரம் மடங்கு வரை மாற்றி, ஒளிமின்னோட்டத்தை இரு அச்சும் மடக்கை அளவில் வரையுங்கள். சாய்வு 1 என்றால் எளிய ஒளிக்கடத்தல். 0.5, 0.7 என்று குறைந்தால் பொறிகள் நிரம்பிக்கொண்டிருக்கின்றன. அப்போது குறைந்த ஒளியில் பதில்திறன் பெரிதாகவும் கூடிய ஒளியில் சிறிதாகவும் வரும்.

போலி சமிக்ஞையைப் பிடிக்க மூன்று சோதனை போதும். செதிலே இல்லாத மின்முனை இணையில் அதே ஒளியைப் போட்டுப் பாருங்கள். லேசர் புள்ளியைச் செதிலிலிருந்து 500 மைக்ரோமீட்டர் தள்ளிவைத்துப் பாருங்கள்; மின்னோட்டம் அப்போதும் ஆடினால் குற்றவாளி சிலிக்கன். மூன்றாவது, 980 நானோமீட்டர் ஒளி. மாலிப்டினம் டைசல்பைடு 700ஐத் தாண்டியதுமே உறிஞ்சுவதைக் கடுமையாகக் குறைத்துவிடும், ஆனால் சிலிக்கன் 1100 வரை உறிஞ்சும். 980இல் சமிக்ஞை பச்சைக்குச் சமமாக வந்தால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை.

வேகமும் இரைச்சலும்

எல்இடியை ஒரு சமிக்ஞை ஆக்கியால் 0.1, 1, 10, 100 ஹெர்ட்ஸில் அணைத்து ஏற்றி, மின்னோட்டம் 10இலிருந்து 90 சதவீதத்துக்கு ஏற எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். அதற்குமுன் உங்கள் கருவியின் வேகத்தைச் சரிபாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுழற்சிக்குச் சராசரி எடுக்கும்படி வைத்த சோர்ஸ் மீட்டர் 20 மில்லிவினாடிக்கு ஒரு புள்ளிதான் தரும். அதை வைத்து 5 மில்லிவினாடி என்று எழுத முடியாது. மின்னோட்டப் பெருக்கியின் பெருக்கத்தை ஏற்ற ஏற்ற அதன் பட்டை அகலமும் சுருங்கும்.

ஒளியை நிறுத்தியபின் மின்னோட்டம் பழைய இருட்டு மட்டத்துக்கு வராமல் மணிக்கணக்கில் மிதந்தால் அது பொறிகளின் நினைவு. இரவு முழுவதும் இருட்டில் விடலாம். நேர்மின் கேட் துடிப்பு ஒன்று கொடுத்தும் காலிசெய்யலாம். வெற்றிடத்தில் இந்தத் தொல்லை கூடுதலாகத் தெரியும், மின்னோட்டமும் கூடும். காற்றிலிருந்து ஒட்டியிருந்த ஆக்சிஜனும் நீரும் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்திருந்தன, அவை போய்விட்டன. காற்றில் நிலையாக இயங்க வேண்டுமானால் 10 முதல் 20 நானோமீட்டர் போரான் நைட்ரைடு செதில் ஒன்றை அதே ரப்பர் முறையில் மேலே போர்த்துங்கள்.

இரைச்சலைக் கணக்குப் போட்டு எழுதாமல் அளந்து எழுதுங்கள். மேலே சொன்ன உணரியில் இருட்டு மின்னோட்டம் 10 நானோஆம்பியர் என்றால், ஷாட் இரைச்சல் (எலக்ட்ரான்கள் தனித்தனியே வருவதால் எழும் தடுமாற்றம்) மட்டும் இருப்பதாகக் கொண்டு கண்டறிதிறன் (எவ்வளவு மங்கிய ஒளியைப் பிரித்தறியும் என்ற அளவு, அலகு ஜோன்ஸ்) 4.4×10¹⁰ ஜோன்ஸ் வரும். ஆனால் இத்தகைய மெல்லிய செதிலில் குறைந்த அதிர்வெண்களில் ஆள்வது அதிர்வெண் குறையக் குறையப் பெருகும் வேறொரு இரைச்சல். நிறமாலை அளவியில் அது 1 ஹெர்ட்ஸ் அருகே, ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு 1 பிக்கோஆம்பியர் என்று தெரிந்தால், கண்டறிதிறன் 2.5×10⁹ ஜோன்ஸுக்கு இறங்கிவிடும். சுமார் பதினெட்டு மடங்கு வித்தியாசம், செதில் அதேதான்.